பழசை ஆன்லைனில் விற்கப் போறீங்களா? பணம் வரும்போது பின் நம்பர் கேட்டால் உஷார்!

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் ஒட்டனந்தல் என்று ஒரு கிராமம். அங்குள்ள முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழா முடிந்ததும், வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. 2024-ல் ஒன்பது பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயின. முதல் நாள் பழம் மட்டும் 50,500 ரூபாய்!

ஏலத்தில் விலையை ஏற்றுவது, ஒரே பொருளுக்காக எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர்தான். ஒரே ஆள் வந்தால், ஆரம்ப விலையிலேயே கதை முடிந்துவிடும். ஒட்டனந்தலில் இன்னொரு வசதியும் உண்டு. கேட்பவர் யார், எந்த ஊர் என்று கூட்டத்துக்குத் தெரியும். போனில் பொருளை ஏலம் விடும்போது இந்த இரண்டுமே உறுதியில்லை. யாரும் வராமலும் போகலாம். வந்தவர் யார் என்றே தெரியாமலும் போகலாம். இந்த வாரம், முதன்முதலாக ஆன்லைனில் பொருள் விற்கப் போகிறவர்களுக்கான விஷயங்கள்.

ஏலமா, நிலையான விலையா?

இந்தியாவில் ஆன்லைன் ஏலம் புதுசு இல்லை. 2000-ல் பாஸீ டாட் காம் என்ற தளம் தொடங்கியது. 2004-ல் அமெரிக்காவின் ஈபே அதை வாங்கியது. பழைய கேமரா, நாணயம், தபால்தலை என்று நம்மூர் ஆட்கள் நிறைய பேர் விற்றுப் பழகியது அங்கேதான். அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14-ம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது சாதாரண ஆட்கள் பழைய பொருளை விற்பது பெரும்பாலும் ஓ.எல்.எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குரூப்களில். அங்கே நடப்பது ஏலத்தைவிட பேரம் என்றே சொல்லலாம்.

புதுச்சேரி வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் உறுவையாறில், ஒரு வீட்டில் பழைய தையல் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏலத்துக்கு விட்டால், கூட்டம் சேரட்டும் என்று 100 ரூபாயில் ஆரம்பிக்கத் தோன்றும். பலர் தேடும் பொருளுக்கு அது சரி. தையல் மெஷினுக்கு அந்த வாரம் ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால், 100 ரூபாய்க்கே கொடுக்க வேண்டியதுதான். அதனால் 'இதற்குக் கீழே விற்பதில்லை' என்ற குறைந்தபட்ச விலையை வைக்க வசதி இருக்கிற தளத்தில் மட்டும் ஏலம் விடுங்கள். இல்லையென்றால் நிலையான விலை போட்டு, பேரத்துக்குக் கொஞ்சம் இடம் விடுவதே நல்லது. விலை ஏறட்டும் என்று மச்சானை விட்டு நாமே ஏலம் கேட்க வைப்பது மோசடி. ஏலத் தளங்கள் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும்.

விலை தெரியவில்லையா? அதே பொருளுக்கு மற்றவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அவர்கள் ஆசைப்படும் விலை. விற்று முடிந்த விலையைக் காட்டும் தளமானால் அதைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு நடை போய் வந்தால், பழைய பொருளுக்கு என்ன மதிப்பு என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

போட்டோவை பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கீறலையும் துருவையும் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். குறையை முதலிலேயே காட்டிவிட்டால், வீடு வரை வந்து பாதி விலைக்குக் கேட்கும் ஆட்கள் குறைவார்கள். படத்தில் வீட்டு நம்பர், வண்டி நம்பர், பின்னால் மாட்டியிருக்கும் குடும்பப் படம் எதுவும் தெரிய வேண்டாம்.

முதல்வர் வீட்டுக்கே வந்த மோசடி

விலை குறைந்தால் சில நூறு ரூபாய் நஷ்டம். பணம் வாங்கும் இடத்தில் தவறினால் வங்கிக் கணக்கே காலியாகும்.

2021 பிப்ரவரியில், அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் ஓ.எல்.எக்ஸில் ஒரு பழைய சோஃபாவை விற்க விளம்பரம் போட்டார். வாங்குவதாகச் சொன்ன ஆள், கணக்கு சரியா என்று பார்க்க முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து ஒரு கியூ.ஆர் கோடு வந்தது. 'இதை ஸ்கேன் செய்தால் மீதிப் பணம் வரும்' என்றார். ஸ்கேன் செய்ததும் 20,000 ரூபாய் போனது. 'தப்பான கோடு அனுப்பிட்டேன், இதைப் போடுங்க' என்று இன்னொன்று. மேலும் 14,000 போனது. மொத்தம் 34,000 ரூபாய். போலீஸ் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தது.

படித்தவர், நகரத்தில் வளர்ந்தவர், முதல்வர் வீட்டுப் பெண். அவருக்கே இப்படி என்றால், ஏமாந்தவர்களை 'இதுகூடத் தெரியாதா' என்று வீட்டில் திட்டுவதில் அர்த்தமில்லை. முதல் சிறு தொகை உண்மையாகவே வந்து சேர்வதுதான் இதில் தூண்டில். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில், ஆன்லைன் விற்பனைத் தளங்களில் நடக்கும் மோசடிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது.

யுபிஐ-யில் பணம் உங்களுக்கு வர நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம், 'ஓகே' அழுத்த வேண்டாம். பின் நம்பர் போடும் இடம் வந்துவிட்டாலே, பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று அர்த்தம். வீட்டில் பெரியவர்கள் போனில் யுபிஐ போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள், இந்த ஒன்றையாவது செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.

தனிநபருக்குத் தனிநபர் 'பணம் அனுப்பு' என்று யுபிஐ-யில் கோரிக்கை அனுப்பும் வசதியை, 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். அந்த ஒரு கதவு மூடியது. கியூ.ஆர் கோடு கதவு திறந்தேதான் இருக்கிறது.

'சார், நான் ராணுவத்துல இருக்கேன். டிரான்ஸ்ஃபர்ல உங்க ஊர்ப் பக்கம் வர்றேன். பொருளைப் பார்க்கணும்னு இல்ல, இப்பவே பணம் போடறேன்' என்று ஆரம்பிப்பது இந்தக் கூட்டத்தின் பழைய பாட்டு. சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். பழைய தையல் மெஷினை நேரில் பார்க்காமல், பேரம் பேசாமல், சொன்ன விலைக்கு வாங்க ஒருவர் துடிக்கிறார் என்றால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

இன்னும் இரண்டு வகை உண்டு. உங்கள் கணக்கில் 8,000 ரூபாய் வரவு என்று ஒரு எஸ்.எம்.எஸ் வரும். பிறகு போன். 'தெரியாம ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், 7,200 திருப்பி அனுப்புங்க.' அந்த எஸ்.எம்.எஸ் சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருக்கும். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்தால் எதுவும் வந்திருக்காது. இன்னொன்று, 'பணம் ஏறலையா? நான் சொல்ற ஆப்பைப் போடுங்க, சரி பண்ணித் தர்றேன்' என்பது. அந்த ஆப் உங்கள் போன் திரையை அவர் கையில் கொடுத்துவிடும்.

பொருளை உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதாக இருந்தால், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில் சந்தியுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது யாரையும் வரச் சொல்ல வேண்டாம். பணம் வந்ததை உங்கள் வங்கி ஆப்பில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். மோசடி ஆள் பணத்தை எடுப்பதற்குள் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. அதனால் 'சாயந்திரம் அவர் வந்ததும் சொல்லிக்கலாம்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். இதில் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கியிடம் புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் அவருடையதே என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. பின் நம்பரை நாமே போட்டிருந்தால் வங்கியிடம் வாதாடுவது கஷ்டம்.

பாட்டியின் குத்துவிளக்கும் பிரெஞ்சுக் காசும்

புதுச்சேரியில் பல வீடுகளின் டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் காசு நாலு கிடக்கும். யூடியூப்பில் 'இந்த ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஐந்து லட்சம்' என்று பார்த்ததும் அதை விற்க ஆசை வரும். விளம்பரம் போட்டதும், 'ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கிவிட்டோம், வரியும் கமிஷனும் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள்' என்று அழைப்பு வரும். பழைய நோட்டு, காசு விற்பனைக்காகத் தாங்கள் எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம், 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, சிற்பம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் உரிமம் வேண்டும். பாரிஸில் இருக்கும் உறவுக்காரர் மூலம் 'அங்கே நல்ல விலை போகும்' என்று கொள்ளுப்பாட்டியின் விளக்கை பார்சல் போடுவது, ஜெயில் வரை கொண்டுபோகக்கூடிய வேலை. வயது தெரியாத பொருளை முதலில் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள்.

வண்டி விற்றால் வேலை பாதிதான் முடிந்தது

பைக்கை விற்று, பணம் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆர்.சி புத்தகத்தில் பெயர் மாறும் வரை வண்டி உங்களுடையதுதான். பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வாங்குபவர் புதுச்சேரிக்காரர் என்றால் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பி.ஒய் நம்பர் வண்டி தமிழ்நாட்டுக்குப் போகிறதென்றால் தடையில்லாச் சான்று வாங்கும் வேலையும் சேரும். போனை விற்பவர்கள், கூகுள் கணக்கிலிருந்து வெளியே வந்த பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுங்கள்.

தொழிலாகவே செய்யலாமா?

வீட்டில் பயன்படுத்திய பழைய பொருளை எப்போதோ ஒருமுறை விற்பதற்கு ஜி.எஸ்.டி கிடையாது. ஆனால் வில்லியனூர் சுடுமண் பொம்மையை வாங்கி விற்கிறீர்கள் என்றால் அது வியாபாரம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் வெளியூரிலும் கேட்பார்கள். பொருள் விற்பனையில் ஜி.எஸ்.டி பதிவுக்கான வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய். புதுச்சேரியில் 20 லட்சம்தான். அதற்குக் கீழே விற்பவர்கள், 2023 அக்டோபர் முதல், பதிவு இல்லாமலே ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்! காரைக்காலும், கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும் சொந்த யூனியன் பிரதேசம். பக்கத்திலேயே இருக்கும் கடலூர் வேறு மாநிலம். கடலூர்க்காரர் தளத்தில் ஆர்டர் போட்டால் பதிவு தேவைப்படும்.

மண் பொம்மையை அனுப்பும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்து, நடுவில் இடைவெளியே இல்லாமல் காகிதம் அடையுங்கள். மூடியதும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் திரும்பப் பிரித்து அடைக்க வேண்டியதுதான். பேக் செய்வதை முழுசாக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'உடைஞ்சு வந்தது' என்று பொருள் திரும்பி வந்தால், அதைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். தளத்தில் பணத்துக்காக முறையிடும்போது கேட்கப்படும் முதல் ஆதாரம் அதுதான்.