மலையிலிருந்து சந்தைக்கு: அரைநாள் பயணத்தில் விடுபடும் கதை

பெருவுக்குச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், குஸ்கோ நகரிலிருந்து பீசாக் சென்று திரும்பும் அரைநாள் சுற்றுலா போதுமானதா என்று கேட்டிருந்தார். காலையில் இன்கா இடிபாடுகள், அதன்பின் மரபுச் சந்தை, நண்பகல் உணவுக்கு விடுதி. இதுதான் அவருக்குக் கிடைத்த திட்டம். ஒரு வரியில் விடை சொல்லியிருக்கலாம். ஆயினும் ஆந்திய வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்ட எனக்கு, இடிபாட்டையும் சந்தையையும் ஒரே கயிற்றில் கட்டி விற்கும் அந்த வழக்கம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் அப்பயணத்தை மேற்கொண்டவன்தான். குஸ்கோவிலிருந்து பீசாக் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வேன் முதலில் மலையுச்சிக்குச் சென்றது. மலையின் வளைவையே வரைகோடாகக் கொண்டு அடுக்கடுக்காக இறங்கும் படிநிலை வயல்கள், இன்றும் நீர் ஓடும் கல்வாய்க்கால்கள், சாந்தின்றிப் பொருந்தி நிற்கும் சுவர்கள், எதிர்ப்பாறையில் புதையல் தேடுவோர் சூறையாடிய கல்லறைத் துளைகள் என ஒன்றரை மணிநேரம் காட்டினார்கள். வழிகாட்டி கெச்சுவா பேசும் இளைஞர். நீரியலை அவர் விளக்கிய விதம் எந்தப் பேராசிரியருக்கும் பெருமை சேர்க்கும். பின்னர் வேன் மலையைச் சுற்றிக் கீழிறங்கி ஊர்ச் சதுக்கத்தின் அருகே நின்றது. இன்காக்கள் விட்டுச்சென்ற சந்தை, முக்கால் மணி நேரம், பேரம் பேசலாம் என்று அறிவித்தார். நாங்கள் கலைந்தோம்.

அந்த அறிவிப்பில்தான் சிக்கல். வாரச்சந்தை பார்த்து வளர்ந்த நமக்கு, பழைய நாகரிகம் என்றால் பழைய சந்தையும் இருந்திருக்கும் என்று தோன்றுவது இயல்பு. இன்கா அரசோ நாணயம் இன்றி இயங்கிய பேரரசு. வரி என்பது உழைப்பு. விளைந்ததும் நெய்ததும் மலைச்சரிவுகளில் வரிசையாக நின்ற அரசுக் களஞ்சியங்களுக்குச் சென்று, அங்கிருந்து படைக்கும் பணியாளர்க்கும் விழாக்களுக்கும் பகிரப்பட்டன. உருளைக்கிழங்கு விளையும் மேட்டுநிலம், மக்காச்சோளம் விளையும் பள்ளத்தாக்கு, கோக்கா இலை தரும் வெப்பச்சரிவு ஆகிய மூன்றிலும் ஒரே சமூகம் தன் குடும்பங்களை அமர்த்தி, தேவையானவற்றைத் தனக்குள்ளேயே பெற்றுக்கொண்டது. ஜான் முர்ரா சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1955-இல் அளித்த ஆய்வேடும் பிற்காலக் கட்டுரைகளும் நிறுவிய சித்திரம் இது. சின்ச்சா போன்ற கடற்கரைப் பகுதிகளில் வணிகர் இருந்தனர் என்று மரியா ரோஸ்த்வொரோவ்ஸ்கி காட்டினார். பண்டமாற்று எங்கும் இருந்தது என்போரும் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் தேவாலயம் நோக்கிய சதுக்கத்தில், காசுக்குப் பொருள் விற்கும் சந்தையை இன்காக்களின் தலையில் சுமத்த யாரும் துணியமாட்டார்.

அப்படியானால் கீழே உள்ள ஊர் யாருடையது? 1569-இல் பெருவில் கால்வைத்த வைசிராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ, மலைகளில் சிதறி வாழ்ந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பெயர்த்துப் புதிய ஊர்களில் குடியமர்த்தினார். நேர்த்தெருக்கள், நடுவே சதுக்கம், தேவாலயம், சிறை. எல்லா ஊர்க்கும் ஒரே அச்சு. எண்ணுவதற்கும் வரி தண்டுவதற்கும் மதம் மாற்றுவதற்கும் அந்த அச்சு வசதியானது. கடைசி இன்கா அரசர் டுபாக் அமருவை 1572-இல் குஸ்கோ சதுக்கத்தில் தலை துணித்தவரும் அவரே. பள்ளத்தாக்கின் தரையில் உள்ள பீசாக் ஊர் இவ்வாறு எழுந்ததுதான். கப்பம் வெள்ளிக்காசாகவும் கேட்கப்பட்டது. காசு வேண்டுமென்றால் விளைச்சலை விற்க வேண்டும், அல்லது கூலிக்குச் செல்ல வேண்டும். ஆந்தியக் குடியானவனைச் சந்தைக்குத் தள்ளிய கைகளுள் வலிமையானது அதுவே.

ஆக, மேலேயிருந்து கீழே வேன் கடக்கும் அந்தச் சிறு தொலைவில் ஒரு பெயர்ப்பு, ஒரு படுகொலை, ஒரு வரிமுறை மூன்றும் விடுபட்டுப்போகின்றன. வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரும்பும் வழியில் முன்னிருக்கையில் அமர்ந்து கேட்டபோது, தொலேதோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் அதைக் கேட்க விரும்புவதில்லை என்றார்.

இதனால் சந்தை போலியாகிவிடுமா என்றால், இல்லை. என் வாதம் அதற்கு நேர்மாறானது. திணிக்கப்பட்ட சதுக்கத்தை அம்மக்கள் நானூறு ஆண்டுகளில் தமதாக்கிக்கொண்டார்கள். ஞாயிறன்று மேட்டுக் கிராமத்தார் இறங்கி வருகிறார்கள். தேவாலயத்தில் வழிபாடு கெச்சுவாவில் நடக்கிறது. உறைபனியில் கிடத்தி, மிதித்து, வெயிலில் உலர்த்திய சுன்யோ கிழங்கு குவிந்து கிடக்கிறது. 1780-இல் எழுந்த இரண்டாம் டுபாக் அமருவின் கிளர்ச்சியை ஒடுக்கியபின் இன்கா உடைக்கும் மொழிக்கும் தடை விதித்த ஆட்சியையும் கடந்து வந்தவை இவை. 1975-இல்தான் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழியாக ஏற்றது. இவ்வளவையும் ‘மாறாத இன்கா மரபு’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடுவது, அவர்களுடைய வரலாற்றில் அவர்களே செய்த பகுதியை மட்டும் அழிப்பதாகும். எதிரே நின்று விற்பவர் வரலாற்றின் மிச்சமாகிவிடுகிறார். மிச்சத்திடம் பேரம் பேசுவது எளிது. நானும் பேசினேன். வாங்கிய துணி இயந்திரத்தறியில் நெய்தது என்பதைப் பின்னர் சின்செரோ ஊரில் இடுப்புத்தறியின் முன் அமர்ந்திருந்த பெண்ணைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிச் சிவப்பை எடுத்து, எலுமிச்சைச் சாறு விட்டு அவர் அதன் நிறத்தை மாற்றிக் காட்டினார். சுற்றுலாவுக்கான காட்சிதான், ஆயினும் கலை பொய்யன்று.

நண்பருக்கு என் விடை: அரைநாள்தான் இருக்கிறதெனில் தாராளமாகச் செல்லுங்கள். எல்லோருக்கும் என்னைப்போல் ஆய்வு உதவித்தொகை கிடைப்பதில்லை. கிடைக்கும் எனக்கும் அது காலத்தில் வருவதில்லை. இயன்றால் ஞாயிற்றுக்கிழமை செல்லுங்கள். சதுக்கத்தில் நின்று, இந்த ஊரைக் கட்டியது யார் என்று வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். முழங்கால் ஒத்துழைத்தால், இடிபாடுகளிலிருந்து வேனில் ஏறாமல் படிநிலை வயல்களினூடே ஊருக்கு இறங்கும் ஒற்றையடிப்பாதையில் நடந்து வாருங்கள். ஒன்றரை மணிநேரம் ஆகும், சில இடங்களில் செங்குத்து. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.