போர்வை கிழிந்த தேக்கு

பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமைதான் கூடும். புறாக்கூண்டு, மிக்ஸி ஜார், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட் என்று தரையில் பரப்பிக் கிடந்தவற்றுக்கு நடுவில், ஆனி மாதம் ஒரு குட்டை மேஜையைப் பார்த்தேன். நான்கடி நீளம், முழங்கால் உயரம். முன்பக்கம் இரண்டு இழுப்பறை, அவற்றுக்குக் கீழே தள்ளுகதவு. நான்கு கால்களும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கீழே போகப்போக மெலிந்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டியிருந்தன. அறுபதுகளின் தமிழ்ப்படங்களில் கதாநாயகி போனை எடுக்க ஓடிவருவாளே, அந்த வரவேற்பறையில் போனுக்குக் கீழே நிற்கும் ஜாதி.

அழகு அதோடு முடிந்தது. உடம்பு முழுக்க ஆஸ்பத்திரிப் பச்சை எனாமல். மேலே, மர ரேகை அச்சடித்த சன்மைக்கா. "பர்மா தேக்கும்மா, தட்டிப் பாருங்க" என்றார் கடைக்காரர். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. பல்லாவரத்துக்கு மட்டும் வரத்து குறையவே இல்லை. நாலாயிரத்தில் ஆரம்பித்து இரண்டாயிரத்து முந்நூறில் முடிந்தது. குட்டியானைக்கு ஐந்நூறு. வாசலில் இறக்கியபோது வீட்டுக்காரர் சொன்னது: "இதை எடுத்துட்டுப் போனதுக்கு அந்த ஆளுதான் உனக்குக் காசு கொடுத்திருக்கணும்."

இந்த வகைச் சாமான்களுக்கு இப்போது 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்று பெயர். அந்தப் பெயரை ஊரறியச் செய்தது காரா கிரீன்பெர்க் என்ற அமெரிக்கர் 1984இல் வெளியிட்ட புத்தகம். அதாவது, சாமான் செய்து, புழங்கி, அலுத்து, பரணில் ஏற்றிய பிறகு நடந்த பெயர்சூட்டு விழா. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர் 1949இல் செய்த வட்ட நாற்காலி இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதிக்கொண்டபோது உட்காரக் கொடுத்தது அதைத்தான்.

நம் ஊர்த் தச்சர்கள் இதை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. யாரோ கொண்டுவந்த பத்திரிகைப் படத்தையோ, சினிமா செட்டையோ பார்த்து, 'கால் இப்படிச் சாயணும், அவ்வளவுதானே' என்று செய்து கொடுத்தார்கள். ஒரே தலைமுறையில் அது பழசாகிவிட்டது. சண்டிகர் கதையும் இப்படித்தான். ஐம்பதுகளில் புதிய நகரம் எழுந்தபோது அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கார்பூசியேவின் உறவினர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்வித்தார். கால் ஆடியதும் அவை மொட்டைமாடிக்குப் போயின. பிறகு கழிவுச் சாமான் ஏலத்துக்கு. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கி, பிரம்பு மாற்றி, பாலிஷ் போட்டு, லட்சக்கணக்கில் விற்றார்கள். மத்திய உள்துறை விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது 2011இல்.

இதை வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். மேஜையை ஒருமுறை சுற்றிவந்தவர், "இது சண்டிகர் இல்லை, குரோம்பேட்டை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழைய சாமானில் கைவைக்கும் முன் அதன் மேல்பூச்சு என்னவென்று தெரிய வேண்டும். கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷோ எனாமலோ. என் மேஜையின் முதுகில், பச்சை எட்டாத இடத்தில், ஸ்பிரிட் பட்டதும் பிசுபிசுத்தது. பச்சைக்கு முன்னால் அது முறையாகப் பாலிஷ் போடப்பட்ட மேஜை.

பச்சையைச் சும்மா தேய்த்துவிடவும் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்றால் ஈயம் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசு மூக்கில், சோற்றில், குழந்தையின் கையில். ஆகவே தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். முகமூடி கட்டிக்கொண்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, உதிர்ந்ததையெல்லாம் ஈரத்துணியால் வழித்தெடுத்தேன். பச்சைக்குக் கீழே காப்பிப்பொடி நிறம், அதற்கும் கீழே வெளிர்நீலம். ஒரே மேஜைக்கு மூன்று வீட்டு ரசனை.

சன்மைக்காவைக் கழற்றியது இஸ்திரிப்பெட்டி. மேலே துணியைப் போட்டுச் சூடு காட்டினால் அடியிலிருக்கும் பசை இளகும்; பட்டித்தகட்டை நுழைத்து நெம்பினால் அப்பளம்போல உரிந்து வரும். உரித்த பிறகு பார்த்தால் அடியில் நிஜத் தேக்கின் ரேகை. மரத்தின் மேல் மரப் படத்தை ஒட்டிவைத்த அந்த மகராசியை, அல்லது மகராசனை, இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு கால் ஆடியது. எங்கள் தெருவில் முப்பது வருஷமாகக் கதவும் கட்டிலும் பாலிஷ் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வந்து குந்தி, மூட்டை முகர்ந்து பார்த்து, "வஜ்ஜிரம்மா" என்றார். ஃபெவிகால் 1959இல் வந்தது. அது பட்டிதொட்டியெல்லாம் பரவும்வரை தச்சுப் பட்டறைகளில் இருந்தது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரம்தான். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம், சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றி அரைமணி நேரம் விட்டோம். கால் நோகாமல் கழன்று கையோடு வந்தது. சுரண்டி, காயவைத்து, புதுப்பசை போட்டு, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒருநாள் வைத்ததும் அசையவில்லை. இன்றைய பசையில் ஒட்டிய மூட்டை இப்படிக் கழற்றப் பார்த்தால் மரம்தான் பிளக்கும்.

இதுவரை நன்றாகத்தான் போனது. இனிதான் என் புத்தி.

மேல்பலகையில் பசைக்கறை திட்டுத்திட்டாக இருந்தது. "கண்ணாடிச் சில்லால வழிச்சிட்டு, கையால நூத்தி இருபது போடு, அப்புறம் நூத்தி எம்பது. மரத்து வாட்டத்துலயே தேய்க்கணும், குறுக்கால போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் வேறு வேலைக்குப் போனார். கையால் தேய்க்க யாரால் முடியும்? இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குத் தேய்க்கிற மிஷின் ஒன்றை வரவழைத்தேன். எண்பதாம் நம்பர் தாளை மாட்டி சுவிட்சைப் போட்டதும் கறை கண்ணெதிரே மறைந்தது. அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். திடீரென்று தேக்கின் தேன்நிறம் மறைந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன வேறொரு மரம் எட்டிப்பார்த்தது. அதன் ரேகை குறுக்கே ஓடியது.

சாயந்திரம் அண்ணன் வந்தார். விரலால் தடவினார். "பிளைவுட்டும்மா. மேல தேக்கைப் போத்தியிருக்கான். நீ போர்வையைக் கிழிச்சிட்ட."

அந்தப் போர்வைக்கு வினியர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விளிம்பை உற்றுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கட்டை மரமென்றால் மேல்பலகையின் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கும். போர்த்திய பலகையில் விளிம்பில் தனியாக ஒரு பட்டி ஒட்டியிருப்பார்கள். பார்க்கவில்லை. கால்கள் மட்டும் தேக்கு, இழுப்பறை முகப்பு வேறேதோ மரம், மேல்பலகை பிளைவுட். பர்மா என்பது கடைக்காரர் வாயில் மட்டும் இருந்தது.

ஆகவே பெயின்ட். இந்த வேலையில் இறங்கியவர்களிடையே நல்ல மரத்தின்மேல் பெயின்ட் அடிப்பது பஞ்சமாபாதகத்துக்கு அடுத்தபடி. நானும் அந்தக் கட்சிதான். இந்தப் பத்தியிலேயே ஒருமுறை அப்படி எழுதி இரண்டு வாசகர்களின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன். இப்போது பாதி வாபஸ் வாங்குகிறேன். அந்தக் காலத்து மேதைகள் ஒன்றும் மரவெறியர்கள் இல்லை. ஈம்ஸ் தம்பதி 1950இல் செய்த அலமாரிகளில் பலகைக்குப் பலகை வேறு வேறு வண்ணம். தேக்குக் காலைப் பெயின்ட்டில் மூழ்கடிப்பது சோம்பேறித்தனம். போர்வை கிழிந்த பிளைவுட்டை மேலும் மேலும் பாலிஷ் போட்டுத் தேக்கென்று நம்பவைப்பதோ சன்மைக்கா ஒட்டியவர் செய்ததேதான். கால்களுக்குப் பாலிஷ், மேலுக்கும் முகப்புக்கும் பெயின்ட் என்று முடிவாயிற்று.

மேலுக்கு லப்பம் வைத்து, காயவிட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை. ஷேட் கார்டில் நான் தேர்ந்தெடுத்த நிறத்துக்கு 'மஸ்டர்ட்' என்று பெயர். நம் கடுகு கறுப்பல்லவா, கடைப்பையன் "கறுப்பா மேடம்?" என்று கேட்டதில் பிழையில்லை. மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மேலே மிதக்கும் எண்ணெயின் நிறம் என்றால் உங்களுக்குப் புரியும்.

இழுப்பறைகளுக்குச் சந்தன வெள்ளை. தண்ணீர் கலக்கும் பெயின்ட். வாசனை இல்லை, சீக்கிரம் காயும் என்று வாங்கினேன். மறுநாள் காலையில் வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு மஞ்சளாகத் திட்டுகள் கசிந்திருந்தன. இன்னொரு கை அடித்தேன். மறுபடி கசிந்தது. மூன்றாவது கைக்கும் அதே கதை. அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேங்கைம்மா அது. சாயம் கக்கும். அரக்கைப் பூசி முதல்ல அது வாயை அடை."

வேங்கைக் குவளையில் ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் நிறம் மாறிக் கிடப்பதைச் சர்க்கரைக்காரர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதே சாறுதான் என் வெள்ளையில் குடியேறியது. தண்ணீர் கலந்த பெயின்ட் அதைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை கை அடித்தாலும் தீராது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது, தண்ணீருக்கு மசியாது. நடுவில் ஒரு கை அதைப் பூசினால் சாறு அந்தச் சுவரைத் தாண்டாது. பூசினேன். வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

அரக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. குசும், புரசு, இலந்தை மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிசின் அது. நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் அதிகம் எடுக்கிறார்கள். சுரண்டி, உருக்கி, வடிகட்டித் தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைக்கும் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பாலிஷ். துரியோதனன் மாளிகை கட்டியது அரக்கில். பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய பழைய இசைத்தட்டுகள் அரக்கு கலந்து வார்த்தவை. மாத்திரைகளின் பளபளப்புக்கும் அதைத்தான் பூசுகிறார்கள். வேண்டாதபோது ஸ்பிரிட் தொட்டுக் கழுவிவிடலாம் என்பதால், தப்பு செய்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான பூச்சு வேறில்லை.

எனக்கு அந்த வசதி உடனே தேவைப்பட்டது. கால்களுக்குப் பாலிஷ் போடத் தயாரானபோது ஐப்பசி பிறந்துவிட்டது. "மழை விடட்டும்மா, ஈரக்காத்துல போட்டா பூத்துடும்" என்றார் அண்ணன். தீபாவளிக்கு மாமியார் வருகிறாரே! பஞ்சைத் துணியில் சுருட்டி, பாலிஷ் தோய்த்து நானே இழுத்தேன். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கேயே வேர்த்து, பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் நான்கு கால்களும் விபூதி பூசிக்கொண்டு நின்றன. மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது. பண்டிகை முடிந்து வெயிலடித்த ஒருநாள் அண்ணன் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்டு, பட்டும் படாமலும் இரண்டு இழுப்பு இழுத்தார். விபூதி கலைந்து தேன்நிறம் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ ஆறுவதற்குள்.

கணக்கு போட்டால் ஒன்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. மிஷின் இப்போது பரணில்.

எல்லாம் முடிந்து இழுப்பறைகளை உள்ளே தள்ளினால் இரண்டும் பாதியில் முட்டிக்கொண்டன. பெயின்ட் தடிமன் கூடியதால் என்று நினைத்து ஓரங்களைத் தேய்த்தேன். மெழுகுவத்தி பூசினேன். அசையவில்லை. அண்ணன் ஒன்றை உருவித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடிச்சட்டத்தில் உளியால் கீறிய இரட்டைக் கோடு. மேஜைக்குள் தலையை விட்டுத் தேடினார். வலதுபக்கச் சட்டத்தில் அதேபோல இரட்டைக் கோடு இருந்தது. அந்தக் காலத்துத் தச்சர் ஒவ்வொரு இழுப்பறையையும் அதனதன் கூட்டுக்கென்று இழைத்து, மாறிப்போகாமலிருக்க அடையாளம் வைத்திருக்கிறார். இடமாற்றிச் செருகியதும் இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின.

"இடதுக்கு ஒத்தக் கோடு இருக்கணுமே, எங்க காணோம்?" என்று இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கீறலை ஏதோ பழுதென்று நினைத்து, லப்பம் வைத்து அடைத்து, இருநூற்றிருபது போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தேன்.