லினக்ஸ் போடறேன் பேர்வழிகளே, கொஞ்சம் நில்லுங்க!

மக்களே, செம கடுப்புல எழுதறேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய பெட்டியில விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. உடனே நம்மாளுங்க பென்டிரைவும் கையுமா கெளம்பிட்டாங்க. நானும் அதே கட்சிதான், அதனாலதான் வயித்தெரிச்சல்.

பிள்ளையார்பாளையத்துல ஜக்கார்டு டிசைன் போடற அண்ணன் ஒருத்தர். வந்த 'நிபுணர்' டிஸ்க்கை அழிச்சு நிறுவற ஆப்ஷனை அமுக்கிட்டார். சி மட்டும்தான் போகும்னு நெனச்சாராம்! அது முழு டிஸ்க்கையும் துடைக்குமய்யா. டி-யில இருந்த பார்டர், முந்தி டிசைன் அத்தனையும் போச்சு. டெஸ்ட்டிஸ்க் ஓட்டலாமேன்னா, அது எஸ்எஸ்டி. எக்ஸ்ட்4 ஃபார்மேட் ஆகறப்பவே பழைய பிளாக்கெல்லாம் வேணாம்னு டிஸ்க்குக்குச் சொல்லிடும். அப்புறம் எங்க மீட்கறது?

"பேக்கப் எடுக்காதது அவர் தப்பு"ங்கறாங்க. அடப்பாவிகளா, தறிக்கு டிசைன் குடுக்கறவருக்கு பார்ட்டிஷன் டேபிள் எதுக்குத் தெரியணும்? ஸ்குரூடிரைவரைத் தூக்கிட்டு வந்தவன்தானே கேக்கணும்? முதல்ல வெளி டிஸ்க்ல காப்பி. அப்புறம் விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே சி-யைச் சுருக்கி, காலி இடத்துல லினக்ஸ். ஹோமுக்குத் தனி பார்ட்டிஷன். ஒரு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டுமே.

இதுல கூத்து, அவரோட டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அதையாவது கேட்டாரா? ம்ஹூம்.

டிஸ்கி: "எந்த டிஸ்ட்ரோ?"ன்னு பின்னூட்டத்துல வந்தா நிச்சயம் கடிப்பேன் :-)