இருபது ரூபாய் பாட்டில்

32 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். துறுதுறுவென்று இருக்கும் பையனை பெஞ்சு மேல் ஏற்றினால் சரியாகிவிடுவான் என்று நம்பிய தலைமுறை. என் பேரனுக்கே கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் இருப்பதாக டாக்டர் சொன்ன பிறகுதான், அது கொழுப்பு இல்லை என்று புரிந்தது. புத்தி வந்த பிறகும் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன வருடம் அவன் ஒன்பதாம் வகுப்பு. பரீட்சை நேரம். "தாத்தா, இதைக் குடிச்சா தூக்கமே வராது, நல்லாப் படிக்கலாம்" என்று பெட்டிக்கடையில் ஒரு எனர்ஜி டிரிங்க் பாட்டிலைக் காட்டினான். இருபது ரூபாய்தானே! தினமும் சாயங்காலம் வாங்கிக் கொடுத்தேன். இரவு ஒரு மணிக்கும் அவன் அறையில் விளக்கு எரிந்தது. படிக்கிறான் என்று பூரித்துப் போனேன். காலையில் எழுப்பினால் எரிந்து விழுவான். வகுப்பில் தூங்குவதாகப் பள்ளியிலிருந்து புகார். மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று என் மகள் அழுதாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சாயங்காலம் என்ன குடிக்கிறான்?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பினேன். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது! நம் நாட்டு விதிப்படி இவ்வகை பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அப்படியென்றால் 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம் வரை. அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். அது களைப்பைப் போக்குவதில்லை, தெரியாமல் மறைக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஏற்கெனவே தூக்கம் சரியாக வராது. தூக்கம் கெட்டால் கவனம் இன்னும் கெடும்.

"அந்த மாத்திரையும் மூளையைத் தூண்டுவதுதானே, காஃபீனும் அதுதானே?" என்று வாக்கிங் நண்பர் ஒருவர் வாதாடினார். 1970களிலேயே மருத்துவர்கள் காஃபீனைக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மாத்திரை அளவுக்குப் பலன் இல்லை. மாத்திரைக்கு அளவு சொல்ல ஒரு டாக்டர் இருக்கிறார். பாட்டிலுக்கு யார்? பெட்டிக்கடைக்காரரா?

போலந்தில் 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இதை விற்கக் கூடாது என்று சட்டம். இங்கே சிகரெட்டுக்கு வயது வரம்பு உண்டு. எங்கள் தெருவில் இந்தப் பாட்டிலுக்கு வயது கேட்பார் யாருமில்லை. கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளிலாவது உடனே நிறுத்த வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். பேரப்பிள்ளை கேட்டதும் பர்ஸைத் திறப்பது பென்ஷன் வாங்கும் நாம்தான். நம் டபரா காப்பியை நாம் குடிப்போம், பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டாம். என் பேரன் பாட்டிலை நிறுத்தியபோது இரண்டு நாள் தலைவலி என்றான். இப்போது பத்தரை மணிக்குத் தூங்குகிறான். மார்க் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் காலையில் சிரித்த முகமாக எழுகிறான். எனக்கு அது போதும்.