யாரைப் போய்க் கேக்குறது?

போன மாதம் மயிலாப்பூர் லஸ் முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரித் தம்பி சொன்னான்: "அண்ணே, பிளாக்செயின்ல மேலே ஒருத்தன் கீழே ஒருத்தன்னு கிடையாது. கணக்கு எல்லார் கையிலயும் இருக்கு. எழுதினா எழுதினதுதான். எவனும் திருத்த முடியாது." கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கர்ணம் இல்லாத பேரேடு நம் ஜனங்களுக்குக் கசக்குமா?

இரண்டே வாரத்தில் அவன் முகம் செத்துப்போய் வந்தான். தி.நகர் கூட்டத்தில் போன் தொலைந்திருக்கிறது. கணக்கை மீட்கும் பன்னிரண்டு சொற்களை நோட்டில் எழுதி வைத்திருந்தான். புதுப் போனில் திறக்கவில்லை. உதவி கேட்டு எழுதியதும் 'உதவி மையம்' என்று ஒருவன் பேசினான். அந்தச் சொற்களைக் கேட்டான். இவனும் கொடுத்துவிட்டான். அடையாற்றில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் மொத்தமும் போச்சு. "யாரைப் போய்க் கேக்குறது அண்ணே?" என்றான். கேட்க ஆளில்லை. தலைவன் இல்லாத அமைப்பில் வாசற்படியும் இல்லை.

சரி, திருத்தவே முடியாதா? 2016 ஜூனில் எத்தீரியத்தின் மேல் நடந்த 'தி டாவோ' என்ற பொது நிதியில் நிரல் ஓட்டை வழியாக ஒருவன் சுமார் 36 லட்சம் ஈதரை இழுத்துக்கொண்டான். அடுத்த மாதமே, ஜூலை 20-ஆம் தேதி, திருத்த முடியாத கணக்கைத் திருத்தினார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியோடு 'எத்தீரியம் கிளாசிக்' என்று பிரிந்து போனார்கள். திருத்தும் முன் ஓட்டெடுப்பும் நடந்தது. கையில் எவ்வளவு ஈதரோ அவ்வளவு ஓட்டு! திருடு போனதை மீட்டதைத் தப்பென்று சொல்லவில்லை. பெரிய பணம் போனால் சங்கிலி வளைகிறது, நம் தம்பி பணம் போனால் இரும்பாகிறது என்கிறேன்.

இது நமக்குப் புதுக்கதையா? 1892-இல் பஞ்சமி நிலம் கொடுத்தபோது பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்று எழுதினார்கள். அதுவும் மாற்ற முடியாத எழுத்துதான். அந்த நிலங்கள் யார் பட்டாவில் கிடக்கின்றன? மீட்கப் போன போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். இன்றைய பட்டாவை அப்படியே சங்கிலியில் ஏற்றினால் பறித்தவன் பெயரல்லவா அழியாமல் நிற்கும்?

தமிழக அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற சங்கிலியையும் கட்டியிருக்கிறது. அது அரசின் கையில் இருப்பது. அங்கே கதவைத் தட்டலாம். ஆனால் கதவு எங்கே என்று ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்ட குடும்பத்துக்கும் தெரிய வேண்டும்.

ஒரு மனிதருக்கு ஒரே மதிப்பு இல்லாத ஓட்டு ஜனநாயகத்தையே தகர்க்கும் என்று 1949 நவம்பர் 25-இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இயந்திரத்துக்கும் பொருந்தும். மாணவத் தோழர்களே, இந்தத் தொழில்நுட்பத்தைப் படியுங்கள், கற்றுத் தேறுங்கள். ஆனால் எந்தப் பேரேடு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் வரியை எழுதியது யார்? ஓட்டு ஆளுக்கா, காசுக்கா? தப்பு நடந்தால் யாரைப் போய்க் கேக்குறது?

பதில் இல்லையென்றால், அது பழைய பேரேடுதான்.