பங்கும் பங்காளியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால், ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்பதுதான் நம் பாட்டிமார்களுக்கு நினைவு வரும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால், "கார் செய்கிற ஊர்தானே?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதுவும் வாஸ்தவந்தான். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று அந்தப் பிரதேசம் முழுவதும் இராப்பகலாக யந்திரங்கள் சுழல்கின்றன.

சமீபத்தில் ஒரகடத்தில் ஒரு தேநீர்க் கடையில் நாம் சற்று நேரம் உட்கார நேர்ந்தது. தொழிற்சாலைச் சீருடையில் இருந்த இளைஞர் ஒருவர் கைபேசியில் ஆழ்ந்திருந்தார். "இன்றைக்கு எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று மார்க்கெட் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள், ஸார்!" என்றார் நம்மிடம். பக்கத்திலிருந்த பெரியவர், "அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவர்கள் உனக்கு ஏன் சொல்ல வேண்டும், தம்பி? தாங்களே வாங்கிக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டார். இளைஞர் சிரித்தார், ஆனால் கைபேசியை மூடவில்லை.

இந்தத் தினசரி ஜோஸ்யத்தை நம்பிப் பணம் போடலாமா என்று நேயர்கள் கேட்கலாம். ஜோஸ்யத்தை விட்டுவிட்டு, நம் கண்ணெதிரே நடந்த ஒரு காரியத்தைக் கணக்கெடுத்துப் பார்ப்போம்.

1996-ம் வருஷம் நம் நாட்டில் காலூன்றிய ஹூண்டாய் மோட்டார் இந்தியா கம்பெனி, 2024-ம் வருஷம் அக்டோபரில் தன் பங்குகளைப் பொது ஜனங்களுக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. மொத்தம் சுமார் 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியாவில் அவ்வளவு பெரிய பங்கு வெளியீடு நடந்ததில்லை. "நம் ஊர் தொழிற்சாலை, நம் ஊர் கார், நாமும் பங்காளி ஆகலாமே!" என்று பலர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று? இருங்காட்டுக்கோட்டையில் ஒரு புதிய கூரை போடுவதற்குக்கூட அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. கொரியாவிலுள்ள தாய்க் கம்பெனி தன் கையிலிருந்த பழைய பங்குகளில் 17.5 சதவிகிதத்தை விற்றது. பணம் முழுவதும் அதற்கே சேர்ந்தது. இதில் தவறொன்றும் இல்லை. தன் சொத்தை விற்க யாருக்கும் உரிமை உண்டு. விஷயத்தை மறைக்கவும் இல்லை. வெளியீட்டுப் பத்திரத்தில் எழுதித்தான் இருந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு சேர்த்தபோது, பங்குதாரர் கொடுத்த பணம் கப்பலாக மாறித் தூத்துக்குடித் துறையில் வந்து நின்றது. ஒரு பங்கை வாங்குமுன், நம் ரூபாய் கப்பலாக மாறுகிறதா, அல்லது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறதா என்று விசாரிப்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் விலை. 2023-24-ம் வருஷத்தில் அந்தக் கம்பெனி சம்பாதித்த லாபம் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 75 ரூபாய். பங்கின் விலையோ 1,960 ரூபாய். அதாவது, லாபம் வளராவிட்டால், போட்ட முதலைச் சம்பாதிக்கக் கம்பெனிக்கு 26 வருஷம் ஆகும். நல்ல கார் என்பது வேறு, நல்ல விலை என்பது வேறு. கத்தரிக்காய் வாங்கும்போது இந்த வித்தியாசம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரிகிறது. பங்கு வாங்கும்போது நமக்குத்தான் மறந்துவிடுகிறது.

பெரிய ஸ்தாபனங்கள் தங்களுக்கு ஒதுக்கியதைப் போல் சுமார் ஏழு மடங்கு கேட்டன. சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியதிலோ பாதியளவுக்கே விண்ணப்பம் வந்தது. அக்டோபர் 22-ந் தேதி பங்கு மார்க்கெட்டில் ஏறிய முதல் நாளே விலை 1,820 ரூபாயளவுக்கு இறங்கிற்று. "ஏழைகள் புத்திசாலிகள்!" என்றார்கள். 2025 ஏப்ரலில் 1,600-க்கும் கீழே போயிற்று. "அப்போதே சொன்னோமே!" என்றார்கள். அதே வருஷம் செப்டம்பரில், சிறு கார்களுக்கு வரி குறைந்த சமயம், 2,700 ரூபாயைத் தாண்டியது. "விட்டுவிட்டோமே!" என்றார்கள். ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலை. ஒரு வருஷத்துக்குள் மூன்று தீர்ப்புகள்! இந்த லக்ஷணத்தில் நாளைக் காலை என்ன விலை என்று யாரால் சொல்ல முடியும்?

சொல்ல முடியும் என்று நம்பியவர்களின் கதி என்ன? பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி நிறுவனம் 2024-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. மூன்று வருஷங்களில் முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அத்தனையும் யாரோ சம்பாதித்து, யாரோ சிக்கனம் பிடித்துச் சேர்த்த பணம்.

இன்னொரு அபாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெளியீட்டில் ஊழியர்களுக்குப் பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடி உண்டு. சலுகை நல்லதுதான். ஆயினும் சம்பளமும் ஒரே கம்பெனி, சேமிப்பும் அதே கம்பெனி என்றால், ஒரு தூண் சாய்ந்தால் வீடே சாயும். இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஆரம்பித்த நோக்கியா தொழிற்சாலை எத்தனை கோலாகலமாக நடந்தது! 2014 நவம்பரில் அதன் கதவு சாத்தப்பட்டது. வேலை போன அன்றைக்குக் கை கொடுக்க வேண்டியது சேமிப்பு. அதுவும் கூடவே போகலாமா?

ஆகையால் நம் யோசனை இதுதான். முதலில் கடனை அடையுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவைப் பாங்கியிலோ தபால் ஆபீஸிலோ போட்டு வையுங்கள். பெண் கலியாணத்துக்கும் பையன் படிப்புக்கும் அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் வேண்டிய பணத்தைப் பங்கு மார்க்கெட்டின் வாசலுக்கே கொண்டு போக வேண்டாம். எஞ்சியதை, பத்து வருஷம் தொடமாட்டோம் என்ற உறுதியுடன், பல தொழில்களில் பிரித்து, மாதாமாதம் சிறிது சிறிதாகப் போட்டு வாருங்கள்.

அக்டோபர் 22 என்றதும் நமக்கு இன்னொரு வருஷம் ஞாபகம் வருகிறது. 1906-ல் அதே தேதியில்தான் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. "பெரிய துரைகளின் கம்பெனி" என்று நம்பிப் போட்ட எத்தனையோ குடும்பங்களின் பணம் போயிற்று. அந்தக் கண்ணீரிலிருந்து பாடம் கற்றவர்கள் மறு வருஷமே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், இந்தியன் பாங்கியை நிறுவினார்கள். அது இன்றும் நடக்கிறது.

பெயரை நம்பியவர்கள் இழந்தார்கள். கணக்கை நம்பியவர்கள் கட்டினார்கள். ஒரகடத்து இளைஞர் நாளைக் காலையும் கைபேசியைத் திறப்பார். அதற்கு முன்னால் வீட்டுக் கணக்கு நோட்டை ஒரு தரம் திறந்து பார்த்தாரானால், அதைவிட நல்ல ஜோஸ்யம் அவருக்கு வேறெங்கும் கிடைக்காது.