15 பவுண்டு காற்றும் ஒரு கம்பெனியின் சாமர்த்தியமும்

ஸ்போர்ட்ஸ் காரின் டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து எண் சொல்வார்கள். ஒருவர் 32 என்பார். வேகமாகப் போகிற வண்டிதானே, 40 வை என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குனிந்து டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் 44-ஐயோ 51-ஐயோ படித்துவிட்டு, இதோ கம்பெனிக்காரனே போட்டிருக்கிறானே என்று முடித்துவிடுவார். அது அந்த டயருக்கான உச்ச அளவு, அவ்வளவுதான். தான் செய்த டயர் எந்தக் காரில் மாட்டப்படும் என்று டயர் செய்தவனுக்கே தெரியாது! சரியான எண்ணைச் சொல்ல வேண்டியவன் காரைச் செய்தவன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே ஒட்டியிருக்கும் சிறு தாளில் அந்த எண் இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டிய கணக்கு அது.

அந்த எண் காருக்குக் கார் மாறும். 1989-இல் வந்த முதல் மாஸ்டா மியாட்டாவுக்கு நாலு டயருக்கும் 26 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. லேசான வண்டி, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். போர்ஷே 911-இன் 996 மாடலுக்கு முன்னால் 36, பின்னால் 44. அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, பின் டயர்தான் அதிகம் சுமக்க வேண்டும். 32 போதும் என்கிறவர் இரண்டு காரையும் கெடுத்துவிடுவார்.

இதுவரை சண்டைக்கு இடமில்லை. கார் செய்தவன் சொன்னதைக் கேள், கதை முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கார் செய்தவனே தன் வண்டியின் குறையை அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால்? அங்கேதான் செவ்ரலே கார்வேர் வருகிறது.

1960 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட கார் இது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சின், அதுவும் பின்னால். அன்றைய அமெரிக்காவில் அது பெரிய துணிச்சல். மோன்சா என்ற ரகம் இளைஞர்களைச் சுண்டி இழுத்தது. போர்ஷே வாங்கக் காசில்லாதவனின் போர்ஷே என்று பேர் வாங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அழகான கார்தான்.

கோளாறு பின் சக்கரத்தில். ஸ்விங் ஆக்சில் என்ற அமைப்பில் சக்கரமும் அச்சுத்தண்டும் ஒரே கை மாதிரி. மேலும் கீழும் ஆடும்போது தண்டு உள்முனையில் மட்டும் மடங்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும். மடங்கியதும் பிடிமானம் போய்விடும், பின்பக்கம் வழுக்கி ஓடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் பழைய போர்ஷே 356-இலும் இதே அமைப்புத்தான். ஆகவே சங்கதி யாருக்கும் புதிதல்ல. முன்பக்கத்தில், வளைவில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்த ஓர் ஆன்ட்டி-ரோல் பார், அதாவது குறுக்குக் கம்பி, வைத்தால் ஓரளவு அடங்கும். செலவைக் குறைக்கப் பார்த்த கம்பெனி அதை வைக்கவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள்? முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 என்று கையேட்டில் எழுதினார்கள். 15! முன் டயர் தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டில் அதிகம் நெளியும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சோம்பலாகத்தான் திரும்பும். முன்பக்கம் சோம்பலாக இருந்தால் பின்பக்கம் அலைவதற்கு முன்பே ஓட்டுநர் பயந்து வேகத்தைக் குறைப்பார். கணக்கு சரிதான், இயற்பியல் தப்பில்லை. ஆனால் இரும்புக் கம்பி செய்ய வேண்டிய வேலையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பிக்குக் காசு, காற்றுக்கு ஏது காசு?

கம்பியை வண்டியோடு முறுக்கிவிட்டால் அது அங்கேயே இருக்கும். காற்று இருக்குமா? அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் பெட்ரோல் போட வருகிறவனே கண்ணாடியைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, டயரையும் சோதிப்பான். அவன் பார்க்கிற மற்ற கார்களில் நாலு டயருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்த வண்டியில் முன்னால் 15 என்று காட்டினால் என்ன நினைப்பான்? பாவம், காற்று இறங்கிக் கிடக்கிறது என்று நல்ல மனசோடு 10 பவுண்டு ஏற்றி அனுப்புவான். அத்தோடு அந்தக் காரின் குணமே மாறிவிடும். வீட்டுக்குப் போகிறவருக்கு அது தெரியாது, அடுத்த வளைவு வரும்வரை.

கையேட்டைப் படிக்காதது வாங்கியவன் குற்றம்தானே என்று இன்றைக்கும் வாதிடுகிற கார்ப் பிரியர்கள் உண்டு. இது எந்த ஊர் நியாயம்? டயர் தானாகவே மாதத்துக்கு ஒரு பவுண்டு போல இழக்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் இன்னொரு பவுண்டு போகும். சாதாரண மீட்டர்களே ஒன்றிரண்டு பவுண்டு பொய் சொல்லும். 30 வைக்கிற டயரில் 3 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 15-இல் 3 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு. இப்படி வழுக்குகிற ஓர் எண்ணின் மேல் வண்டி நிற்பதும் கவிழ்வதும் தொங்குகிறது என்றால், அதைத் தாளில் எழுதி வைத்ததோடு கடமை முடிந்துவிடாது. ஏன் இந்த எண், மாறினால் என்ன ஆகும் என்று வாங்குகிறவன் காதில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். 1965-இல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே கார்வேரைக் கிழித்தபோது இந்தக் காற்று விவகாரமும் அதில் இருந்தது.

கம்பெனியை மடக்க நேடர்கூடத் தேவையில்லை, கம்பெனியே போதும். 1964 மாடலில் முன்னால் குறுக்குக் கம்பி வந்தது, பின்னால் கூடுதலாக ஒரு பட்டை வில் வந்தது. 1965-இல் ஸ்விங் ஆக்சிலையே தூக்கி எறிந்துவிட்டு முற்றிலும் புதிய பின் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். 15-ம் 26-ம் போதுமென்றால் இதெல்லாம் எதற்கு?

உடனே 1972 அறிக்கையை நீட்டுவார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சோதித்துப் பார்த்து, பழைய கார்வேர் தன் காலத்துக் கார்களைவிட அதிகம் கவிழக்கூடியதல்ல என்று சொன்னது உண்மைதான். நேடரின் வழக்கை அது பலவீனமாக்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மற்ற கார்களும் அப்படித்தான் என்பது ஒரு பதிலா? அந்தக் கார்களில் எவனாவது நல்லெண்ணத்தில் முன் டயருக்குக் காற்றடித்தால் வண்டியின் குணம் மாறுமா என்பதுதான் கேள்வி.

போகட்டும், பழங்கதை என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. 2000-இல் ஃபோர்டு எக்ஸ்புளோரர். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, உயரமான வண்டி, ஆனால் தந்திரம் அதேதான். ஃபயர்ஸ்டோன் 30 வைக்கலாம் என்றபோது ஃபோர்டு சிபாரிசு செய்தது 26. கவிழும் அபாயத்தைக் குறைக்க எஞ்சினியர்கள் யோசித்த வழிகளில் காற்றைக் குறைப்பதும் ஒன்று என்று பின்னால் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. காற்று குறைந்தால் டயர் சூடாகும். ஏற்கெனவே குறையுள்ள டயர் சூடானால் மேல்பட்டை உரிந்துகொள்ளும். இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஃபோர்டு டயரைக் காட்டியது, ஃபயர்ஸ்டோன் காரைக் காட்டியது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அமெரிக்கச் சட்டம் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் எச்சரிக்கை விளக்கைப் புதுக் கார்களில் கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனால் சிபாரிசு செய்த அளவில் கால் பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பது விதி. 36 வைக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கும்வரை அது சும்மா இருக்கலாம். அந்தச் சட்டம் கேட்பதும் குறைவுக்கான எச்சரிக்கையை மட்டுமே. 15 வைக்க வேண்டிய முன் டயரில் யாராவது 26 ஏற்றிவிட்டால் விளக்கு எரிய வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.